பிரெஞ்சுக் கழுதையும் ஊரூர்க் குப்பமும்

1

நமது வட்டத்தில் கொஞ்ச காலமாக ஒரு வாக்கியம் புழங்கி வருகிறது. ‘சென்னையில் எழுத என்ன இருக்கிறது? இங்கே நிலக்காட்சியே இல்லையே.’ மயிலாப்பூரில் ஒரு மாடியறையில் பத்துப் பேர் கூடினாலும் சரி, அடையாறில் ஒரு காபிக் கடையில் மூன்று பேர் உட்கார்ந்தாலும் சரி, பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இந்த வாக்கியத்தில் வந்து நிற்கிறது. அதன் பிறகு ஒரு பெருமூச்சு. பெருமூச்சுக்குப் பிறகு பிரான்ஸ். அங்கே ஒரு சின்ன கிராமம். கல் வீடுகள், மாதாகோயில் மணி, வைக்கோல் போர், மழையில் நனைந்த பாதை, பாதையில் ஒரு கழுதை. ப்ரெஸ்ஸோனின் கழுதை. இதைச் சொல்லும்போது நண்பர்களின் குரல் தணிந்துவிடுகிறது. கோயிலுக்குள் நுழைந்தவர்களைப் போல ஆகிவிடுகிறார்கள்.

ப்ரெஸ்ஸோன் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. 1966இல் வந்த ‘பால்தஸார்’ உலக சினிமாவின் மிகச் சில உண்மையான சாதனைகளில் ஒன்று என்பதில் யாரோடும் எனக்குத் தகராறு கிடையாது. என் தகராறு அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களோடு. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்ஸேஸில் பார்த்தவர்களும் உண்டு. இன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் தனியாகப் பார்க்கிறவர்கள் அதிகம். எங்கே பார்த்தாலும் அவர்கள் கொண்டு வருவது ஒரே பொருளைத்தான்: ஒரு ‘சூழல்’, ஒரு ‘மௌனம்’, ஒரு ‘கிராமத்தின் ஆன்மா’. இந்தச் சொற்கள் நமது விமர்சனத்தில் எவ்வளவு செல்லாக் காசாகிவிட்டன என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். நம்மவர்கள் போற்றுகிற பிரெஞ்சு கிராமம் பிரான்ஸில் இல்லை. அது அந்தப் படங்களிலும் புத்தகங்களிலும்கூட இல்லை. அது வேலை செய்யாத ஒருவன் ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஒரு சித்திரம். அந்த ஜன்னல் மயிலாப்பூரில் இருக்கிறது. அந்தச் சித்திரத்தைப் பார்த்துப் பழகிய கண்தான் சென்னையில் கிராமம் இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறது. தன் காலடியில் கிடக்கும் ஏரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் குப்பமும் அதற்குத் தெரிவதில்லை.

2

முதலில் அந்தக் கழுதையை எடுத்துக்கொள்வோம். பால்தஸார் படத்தில் என்ன நடக்கிறது? கழுதை கை மாறுகிறது. ஒவ்வொருவனும் அதை ஒரு வேலைக்கு வைத்துக்கொள்கிறான். வண்டி இழுக்கிறது, ரொட்டி சுமக்கிறது, சர்க்கஸில் வித்தை காட்டுகிறது, தானிய வியாபாரியிடம் மில் சுற்றுகிறது. கடைசியில் எல்லை தாண்டிக் கடத்தல் சாமான் சுமக்கும்போது குண்டடி பட்டுச் செத்துப்போகிறது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் நிலத்தை நவீன முறையில் பயிர் செய்யப் போய், கணக்கு வழக்கில் சந்தேகம் கிளம்பி, கௌரவத்தைப் பிடித்துக்கொண்டு அழிந்துபோகிறார். தானிய வியாபாரி பசியோடு வந்த பெண்ணிடம் காசுக் கணக்குப் பேசுகிறான். இந்தப் படத்தில் ‘கிராமத்தின் அமைதி’யை எங்கே கண்டார்கள் நமது நண்பர்கள்? கூலி, கடன், வாரிசுச் சொத்து, கடத்தல், அடி உதை. ப்ரெஸ்ஸோன் காட்டியது கழுதையின் முதுகு. அந்த முதுகில் என்ன ஏறியது என்பதுதான் படம்.

மியேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியத்தின் அச்சுப் பிரதி ஒன்று நம்மில் பலர் வீட்டில் உண்டு. தங்க நிற வயல், குனிந்த மூன்று பெண்கள். 1857இல் அந்தப் படம் பாரீஸில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, பார்த்த கனவான்களில் பலருக்குப் பயம் வந்தது. 1848 கலகம் அவர்களுக்கு மறந்திருக்கவில்லை. குனிந்திருக்கும் அந்த முதுகுகள் ஒரு நாள் நிமிர்ந்துவிடுமோ என்ற பயம். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கிக்கொள்ள ஏழைகளுக்கு இருந்த பழைய உரிமை அது. படத்தின் வலது ஓரத்தில், தொலைவில், குதிரை மேல் ஒரு ஆள் இருக்கிறான். மேஸ்திரியோ காரியஸ்தனோ. அவனை நமது நண்பர்கள் பார்த்ததாக எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. அந்தக் குதிரைக்காரனைப் பார்க்காதவன் மியேயைப் பார்த்தவன் ஆக மாட்டான்.

ஜான் பெர்ஜரின் கதைக்கு வருவோம். லண்டனில் பிறந்த இந்த ஆங்கிலேயர் 1970களில் பிரான்ஸின் மலைப்பகுதியில், ஓத் ஸவ்வா மாவட்டத்தில், கேன்ஸி என்ற சிற்றூரில் போய்க் குடியேறினார். 2017இல் சாவதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை அதுதான் அவர் ஊர். நமது வட்டத்தில் இது ஒரு சந்நியாசக் கதை மாதிரிச் சொல்லப்படுகிறது: நகரத்தை உதறிவிட்டு இயற்கையின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அவர் உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு புல் அறுக்கப் போனார். 1979இல் வந்த அந்த மூன்று புத்தக வரிசையின் முதல் புத்தகத்தில் முதல் கதையே ஒரு பசுவைக் கசாப்புக்குக் கொண்டுபோவதைப் பற்றியது. அதில்தான் லூஸி காப்ரோல் என்கிற குள்ளமான பெண் வருகிறாள். அண்ணன் தம்பிகள் வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள். ஊருக்கு வெளியே ஒண்டிக்கொண்டு, காட்டில் கிடைக்கிற பழத்தையும் காளானையும் பொறுக்கிக்கொண்டுபோய்ப் பட்டணத்தில் விற்று, எல்லை தாண்டி சிகரெட் கடத்திப் பிழைக்கிறாள். பெர்ஜருக்கு விவசாயி என்பவன் தாக்குப்பிடிக்கிறவன். முன்னேற்றம் பற்றிய கனவு அவனிடம் இல்லை. அடுத்த வருஷம் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கணக்குத்தான் இருக்கிறது. அந்தப் புத்தகத்தின் பின்னுரை முழுக்க இதைத்தான் வாதிக்கிறது. வரிசையின் மூன்றாவது புத்தகம், 1990இல் வந்தது, நடப்பது கிராமத்தில் இல்லை. ஒரு பெருநகரத்தில், அங்கே வந்து சேர்ந்த குடியானவர்களின் பிள்ளைகள் நடுவில். முதல் புத்தகத்தைப் படித்துக் கண் கலங்குகிற நண்பர்களுக்கு மூன்றாவது புத்தகத்தைப் படிக்கப் பொறுமை இல்லை. அதில் தங்கள் தெருவே வந்துவிடும் என்று உள்ளூரத் தெரிந்திருக்கலாம்.

ஜியோனோவின் மரம் நட்டவன் கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1953இல் எழுதப்பட்ட அந்தக் கதையைப் பலர் உண்மைச் சம்பவமாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கற்பனைப் பாத்திரம்தான் என்று ஜியோனோவே பின்னால் எழுதிவிட்டார். அது போகட்டும். தனியாக ஒரு மனிதன் மரம் நட்டான், ஊற்று திரும்பியது, ஊர் திரும்பியது என்ற பாதி நமக்கு மனப்பாடம். அந்த ஊர் ஏன் பாழானது, கரி சுட்டுப் பிழைத்தவர்கள் ஒருவரை ஒருவர் ஏன் கடித்துக் குதறிக்கொண்டார்கள் என்பதையும் அதே கதையில் ஜியோனோ எழுதியிருக்கிறார். அந்தப் பாதியை நாம் மறந்துவிட்டோம்.

நிஜமான பிரெஞ்சு கிராமத்தின் நடுவில் ஒரு கல் நிற்கிறது. ஏறக்குறைய எல்லாக் கிராமத்திலும். 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் செத்துப்போன அந்த ஊர்ப் பையன்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கும். 13 லட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள் அந்த யுத்தத்தில் மாண்டார்கள். இருபது வீடுள்ள ஊரிலும் ஒரே குடும்பப் பெயரை நான்கைந்து தடவை அந்தக் கல்லில் படிக்கலாம். 1967இல் மாந்த்ராஸ் என்கிற சமூகவியலாளர் குடியானவர்களின் முடிவு என்றே தலைப்பு வைத்து ஒரு நூல் எழுதினார். இன்று பிரான்ஸில் வேலையில் இருப்பவர்களில் சொந்தமாக விவசாயம் செய்கிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நமது நண்பர்கள் மோகிக்கும் கல் வீடுகளில் பல, வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீடுகள்.

3

இவ்வளவையும் வடிகட்டிவிட்டு வெறும் வெளிச்சத்தையும் மணி ஓசையையும் மட்டும் எடுத்துக்கொள்ள எப்படி முடிகிறது? இந்த வடிகட்டி நம்மிடம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் பதில். தஞ்சாவூரில் செய்து மயிலாப்பூருக்குக் கொண்டுவந்தது.

‘எங்கள் கிராமம்’ என்று ஆரம்பிக்கிற கதைகளை நினைத்துப் பாருங்கள். காவேரி, படித்துறை, வாழைத் தோப்பு, திண்ணை, வெற்றிலைச் செல்லம், மாட்டு வண்டியின் லாந்தர் வெளிச்சம். வேலைக்காரன் ஒருவன் வருவான்; விசுவாசமாக இருப்பான்; கதை முடிவதற்குள் செத்துப்போவான் அல்லது கும்பிட்டுக்கொண்டு நிற்பான். இந்தக் கிராமம் முழுவதும் திண்ணையிலிருந்து பார்க்கப்பட்டது. திண்ணையிலிருந்து பார்த்தால் வயல் பச்சையாகத்தான் தெரியும். சேற்றில் நின்று பார்த்தால் முதலில் தெரிவது முழங்கால். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு அதே டெல்டாவில், கீழ்வெண்மணியில், கூலி கேட்டவர்களில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குடிசை நின்ற இடமும் நிலக்காட்சிதான். தென்னை இருந்திருக்கும், வாய்க்கால் இருந்திருக்கும், மார்கழிப் பனி இருந்திருக்கும். திண்ணைக் கதைகளின் அழகியலில் அந்த ராத்திரிக்கு இடம் இல்லை. இந்திரா பார்த்தசாரதி 1975இல் ‘குருதிப்புன’லை எழுதினார். அந்த நாவலின் குறைகளைப் பற்றி நம்மவர்கள் எழுதிய அளவுக்கு அந்த ராத்திரியைப் பற்றி எழுதியிருந்தால் தேவலை.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். கிராமம் அறியாமையும் குறுகிய புத்தியும் தேங்கிய குட்டை என்று அவர் சொன்னதில் ஒரு மிகையும் கிடையாது. அவர் வேறு பக்கத்திலிருந்து பார்த்தார், அவ்வளவுதான். ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகப் பிளந்த ஒன்றை ‘கிராமம்’ என்று ஒரே சொல்லில் சொல்லும்போதே பாதியை அழித்துவிடுகிறோம்.

மண்ணை இப்படி மனிதர்களிடமிருந்து உரித்து எடுத்து வழிபட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் ஐரோப்பாவே காட்டியிருக்கிறது. 1940இல் ஜெர்மானியரிடம் சரணடைந்த பிரான்ஸில், பெத்தேன் என்ற கிழட்டு மார்ஷல் தேசத்தைப் பார்த்து நிலத்துக்குத் திரும்புங்கள், நிலம் பொய் சொல்லாது என்று உபதேசம் செய்தார். அந்த உபதேசத்தின் நிழலில் யூதர்கள் ரயில் ஏற்றப்பட்டார்கள். தமிழ் நவீனத்துவத்துக்கு ஐரோப்பியக் கிராமத்தை முதலில் அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் க.நா.சு. நட் ஹாம்சனின் நாவலை ‘நிலவளம்’ என்று மொழிபெயர்த்தார். நல்ல மொழிபெயர்ப்பு, பெரிய நாவல். அதை எழுதிய ஹாம்சன் தன் நோபல் பதக்கத்தை கெப்பல்ஸுக்குக் காணிக்கையாகக் கொடுத்தவர் என்பதையும் சேர்த்தே நாம் அந்த நாவலைப் படிக்க வேண்டும். நாவலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மண் வாசனை என்று நாம் மூக்கை உறிஞ்சுவதற்கு முன்னால் அந்த வாசனையில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

‘நிலக்காட்சி’ என்ற சொல்லே ஓவியக்காரர்களிடமிருந்து வந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற சமாசாரம். தமிழில் இதற்கு முன்பே ஒரு சொல் இருந்தது: திணை. தொல்காப்பியம் கருப்பொருளைப் பட்டியல் போடும்போது மரத்தையும் பறவையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தெய்வம், உணவு, பறை, யாழ், இவற்றோடு தொழிலையும் அதே வரிசையில் வைத்தது. அந்த நிலத்தில் என்ன தின்கிறார்கள், என்ன கொட்டுகிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது சேராமல் அங்கே நிலம் இல்லை. இரண்டாயிர வருஷத்துப் பெருமை என்று இதை மேடையில் பேசுகிறவர்களைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. ஆனால் ஒரு விமர்சனக் கருவியாக இது பாரீஸிலிருந்து இறக்குமதியான எதைவிடவும் கூர்மையானது. இதைக் கையில் வைத்துக்கொண்டு நமது நண்பர்கள் சட்டம் போட்ட படத்துக்கு ஏங்குகிறார்கள்.

4

சரி, சென்னைக்கு வருவோம்.

தியாகராய நகர் ஒரு ஏரி. ‘ஒரு ஏரியாக இருந்தது’ என்று சொல்வதுதான் வழக்கம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த நீரை வெள்ளைக்காரன் நீள ஏரி என்று அழைத்தான். 1920களில் நகரம் விரிந்தபோது அதைத் தூர்த்து மனை போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்களைத் தெருக்களுக்கும் பூங்காவுக்கும் வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரியைக் காட்டச் சொன்னால் யாராலும் முடியாது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, டாங்க் பண்ட் ரோடு இருக்கிறது. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் அந்த ஏரியின் மடியில்தான் நிற்கிறது. மந்தைவெளி என்று தினமும் பஸ் கண்டக்டர் கத்துகிறார். மந்தை நின்ற வெளி. அடையாறு பக்கத்தில் வண்ணாந்துறை என்று ஒரு ஸ்டாப்பிங். யாருடைய துறை, யார் துணி, துறைக்கு என்ன ஆனது? பெயர்ப் பலகைகளில் ஒரு கிராமம் முழுசாக எழுதி வைத்திருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

ஏரி சும்மா இருப்பதில்லை. 2015 டிசம்பரில் வந்தது. 2021 நவம்பரில் தி. நகர்த் தெருக்களில் முழங்காலளவு நின்றது. அப்போது எல்லோரும் ‘தண்ணீர் ஊருக்குள் புகுந்துவிட்டது’ என்று பேசினார்கள். ஊர்தான் தண்ணீருக்குள் புகுந்தது.

தி. நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அசோகமித்திரன் 1973இல் ‘தண்ணீர்’ நாவலை வெளியிட்டார். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தெருவே அலைகிற கதை. அதை நாம் ‘நகர நாவல்’ என்ற பெட்டியில் போட்டு மூடிவிட்டோம். என் கணக்கில் அது இந்த ஊரின் மிகச் சிறந்த கிராம நாவல்களில் ஒன்று. நீர் யார் கையில் இருக்கிறது, யார் காத்திருக்கிறார்கள், பம்பு அடிக்க எந்தக் கை வலிக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மாதாகோயில் மணி மட்டும் இல்லை. அதனால் நமது நண்பர்களுக்கு அதில் நிலக்காட்சி தெரியவில்லை.

பெசன்ட் நகர்க் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் ஊரூர்க் குப்பம். பக்கத்திலேயே ஆல்காட் குப்பம், பிரம்மஞான சபையின் அமெரிக்கக் கர்னலின் பெயரில். அந்தச் சபை 1882இல் அடையாறுக்கு வந்தது. பெசன்ட் நகர் மனைகள் அதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தவை. குப்பம் எல்லோருக்கும் முந்தியது. இங்கே ஒரு ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, அம்மன் கோயில் இருக்கிறது, வலை காய்கிற இடம் இருக்கிறது. காற்றுக்குப் பெயர் இருக்கிறது: வாடை, கொண்டல், கச்சான், தென்றல். எந்தக் காற்றில் எந்த மீன் வரும், எந்தக் காற்றில் கடலுக்குப் போகக் கூடாது என்ற கணக்கு இருக்கிறது. ப்ரோவான்ஸில் வீசும் மிஸ்ட்ரால் காற்றின் பெயர் நமது கவிஞர்களுக்குத் தெரியும். இரண்டு கவிதையிலாவது பார்த்திருக்கிறேன். கச்சானை நமது கவிதையில் நான் கண்டதில்லை.

அதே கடற்கரையில் ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறது. 1930இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய்த் தான் மூழ்கிப்போன கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவுச் சின்னம். நல்ல மனிதன், நினைவுச் சின்னம் வேண்டியதுதான். பிரெஞ்சு கிராமத்தில் செத்துப்போன ஊர்ப் பையன்களுக்குக் கல் இருக்கிறது என்றேன். அந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குப்பத்திலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் எந்தக் கல்லில் இருக்கின்றன?

மெரினாவுக்குப் போவோம். 1985இல் கடற்கரையை ‘அழகுபடுத்த’ அரசாங்கம் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றச் சொன்னது. மீனவர்கள் மறுத்தார்கள். போலீஸ் சுட்டது, மீனவர்கள் செத்தார்கள். கவனியுங்கள்: அங்கேயும் பிரச்னை நிலக்காட்சிதான். நடைபயிற்சிக்கு வருகிறவர் கண்ணில் கட்டுமரம் உறுத்தியது. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மாநகராட்சி மீன் கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையை மறித்தார்கள். 2024இல் அங்காடிக் கட்டடம் திறந்தார்கள். பல தலைமுறையாக மீன் இறங்கிய இடத்தில் ரோடு வந்தது; பிறகு ரோட்டுக்கு மீன் இடைஞ்சல் ஆனது. காட்டில் பொறுக்கியதைப் பட்டணத்தில் விற்ற பெர்ஜரின் லூஸி காப்ரோலுக்காக மனம் கசிகிறவர்கள், கூடையில் மீன் வைத்துக்கொண்டு லூப் ரோட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பேரம் பேசிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு காரில் ஏறுகிறார்கள். இரண்டும் ஒரே ஆள் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

குப்பத்தின் கடற்கரை ரெவின்யூ பாஷையில் புறம்போக்கு. எல்லோருக்கும் பொதுவான நிலம் என்று பொருள்பட்ட சொல்லை நாம் வசவாக்கிவிட்டோம். மியேயின் பெண்கள் குனிந்து நிற்கும் அந்த வயலில், பொறுக்கும் நேரத்துக்கு மட்டும், அவர்களுக்கு இருந்ததும் அப்படி ஒரு பொது உரிமைதான். 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று புறம்போக்கைப் பற்றிப் பாடினார். அது சங்கீதமா என்று மயிலாப்பூரில் சர்ச்சை நடந்தது. அந்தச் சொல்லின் சரித்திரத்தைப் பற்றி நமது பத்திரிகைகளில் ஒரு நல்ல கட்டுரை வந்திருக்கலாம்.

நிஜமாகவே ஒரு பிரெஞ்சு கிராமம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. நான்கு மணி நேர பஸ் பயணத்தில் பாகூர். 1880இல் பிரெஞ்சுக்காரன் தன் நாட்டில் கிராமத்துக்கு வைத்திருந்த ‘கொம்யூன்’ என்ற அமைப்பைப் புதுச்சேரிப் பகுதியிலும் கொண்டுவந்தான். பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, திருநள்ளாறு எல்லாம் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள். சொல் அப்படியே இருக்கிறது. வயல் இருக்கிறது, பெரிய ஏரி இருக்கிறது, மேல்தெரு இருக்கிறது, காலனி இருக்கிறது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூர் என்ற சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு. பிரெஞ்சு ஆட்சி ஒரு கிராமத்துக் கொட்டகையில் முடிந்துபோயிற்று. இதில் ஒரு நாவல் இல்லையா? நமது நண்பர்கள் புதுச்சேரிக்கு அடிக்கடி போகிறார்கள். கடற்கரைச் சாலையில் மஞ்சள் சுவர்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

5

இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ‘இலக்கியம் சமூகவியல் இல்லை. நீங்கள் கோஷம் போடச் சொல்கிறீர்கள்.’

கோஷம் போடுகிறவர்களோடு எனக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை. குப்பத்தைப் பற்றி முஷ்டியை உயர்த்தி எழுதப்படும் கவிதைகளில் காற்றுக்குப் பெயர் இல்லை. அவையும் ஜன்னல் வழியாகப் பார்த்தவைதான். நான் கேட்பது துல்லியம். துல்லியம் கலையின் அடிப்படைத் தேவை. ப்ரெஸ்ஸோனின் மேதைமை கழுதையின் முதுகில் ஏறுவது என்ன என்று துல்லியமாகக் காட்டியதில் இருக்கிறது. கி. ராஜநாராயணன் 1976இல் ‘கோபல்ல கிராம’த்தை எழுதினார், அதோடு நிற்காமல் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு ஒரு அகராதியே வெளியிட்டார். ஒரு நிலத்தை அறிவது என்றால் என்ன என்பதற்கு அந்த அகராதி சாட்சி. கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து 2021இல் மறைந்த அவரை நம்மில் சிலர் வெறும் ‘கதைசொல்லி’ என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்கள். பூமணியின் ‘பிற’கும் ‘வெக்கை’யும் வந்தபோதும் வட்டார இலக்கியம் என்று ஒரு பக்கத் திண்ணையில் இடம் கொடுத்தார்கள். பிரான்ஸின் ஒரு சிற்றூர் மட்டும் உலக இலக்கியம், இடைசெவல் வட்டாரம்.

1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தது. காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. ராத்திரி வீடு வீடாகச் சோறு எடுக்கிறாள். களத்தில் தனக்குரிய தானியம் ஒவ்வொரு வருஷமும் குறைந்துகொண்டே வருவதைப் பார்க்கிறாள். அந்த நாவலை எதிர்த்தவர்களுக்கு அவர்களுடைய காரணங்கள் இருந்தன, அதைத் தனியாகப் பேச வேண்டும். நான் கேட்பது நமது ரசிகர்களிடம். ஐரோப்பியக் கழுதைக்கு அழுத கண், தலைப்பிலேயே கழுதையை வைத்துக்கொண்டு வந்த இந்தப் பெண்ணை ஏன் ‘தகவல் அதிகம்’ என்று கடந்துபோயிற்று? மியேயின் பெண்கள் பொறுக்கினால் கவிதை, ஆரோக்கியம் களத்தில் கை ஏந்தினால் தகவலா?

இன்னொரு பதில் வரும்: ‘குப்பத்தை அங்கே பிறந்தவர்கள் எழுதட்டும்.’ எழுதட்டும், எழுதுவார்கள். ஆனால் இதைச் சொல்கிறவர் தான் பார்க்காமல் இருப்பதற்கு இதை ஒரு அனுமதிச் சீட்டாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஸவ்வாவின் குடியானவனைப் பற்றி எழுத பெர்ஜர் அங்கே பிறக்கவில்லை, புல் அறுத்தார். எழுதாவிட்டாலும் விமர்சகனுக்குக் கண் வேண்டும். நாளை குப்பத்திலிருந்து ஒரு நாவல் வந்தால் அதைப் படிக்க நமக்கு என்ன பயிற்சி இருக்கிறது? கச்சான் என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பு கேட்போம்.

கிராமத்தைப் பற்றி எந்தப் பிரதி வந்தாலும், பிரான்ஸிலிருந்து வந்தாலும் பாபநாசத்திலிருந்து வந்தாலும், நமது விமர்சகர்கள் மூன்று கேள்வி கேட்டுப் பழக வேண்டும். தண்ணீர் யாருடையது? சுமை யார் முதுகில்? யார் எந்தத் தெருவில் நடக்கக் கூடாது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத பிரதி எவ்வளவு அழகான வாக்கியங்களில் எழுதப்பட்டிருந்தாலும் அது சுற்றுலா இலாகாவின் பிரசுரம்.

அடுத்த இதழுக்குப் பிரெஞ்சு கிராமத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்கள் தாராளமாக அனுப்பட்டும். ரொட்டி அங்கே என்ன விலை விற்றது, கழுதை யாருடையது, அதைச் சுட்ட துப்பாக்கி யாருடையது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பட்டும். எழுதி முடித்ததும் பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரலாம். பஸ்ஸில் போனால் வண்ணாந்துறையில் இறங்க வேண்டும்.